தசமபாகத்துக்கு முணுமுணுத்தவர்கள் கோபுரத்துக்கு ஏன் கொடுத்தார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: பிற்கால இடைக்கால இங்கிலாந்தில் திருச்சபை விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டது, தனி நீதிமன்றம் வைத்துத் தண்டித்தது, சாவு விழுந்த வீட்டிலிருந்தும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனது, மக்கள் இதை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? அரசர் எட்டாம் ஹென்றி திருச்சபையின் மேல் கைவைத்ததும் எல்லாம் சரிந்ததைப் பார்த்தால், அத்தனை பேரும் உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? நீங்கள் அறிய விரும்புவது, மக்கள் பயந்து கொடுத்தார்களா, மனமுவந்து கொடுத்தார்களா என்பதுதான். 1350 முதல் 1530 வரையான காலத்துக்கு இதை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடியும். கட்டாயமாகப் பிரித்த பணமும் மக்கள் தாமாகத் திரட்டிய பணமும் வேறு வேறு கைகளுக்குப் போயின, வேறு வேறு ஏடுகளில் எழுதப்பட்டன. ஆகவே பணத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் அளவுகள். கேன்டர்பரி, யார்க் என்று இரண்டு பேராயங்கள். இங்கிலாந்தில் 17 மறைமாவட்டங்கள், வேல்ஸில் 4. அவற்றின் கீழ் ஏறக்குறைய 9,000 பங்குகள், அதாவது ஒரு கோயிலும் அதன் குருவும் கொண்ட ஊர் வட்டாரங்கள். மறைமாவட்டத் தலைவர்களான ஆயர்களில் பலர் அரசரின் அலுவலகத்தில் வேலை பார்த்து மேலே வந்தவர்கள். அரசரின் தலைமை அமைச்சரான சான்சலர் பதவி பெரும்பாலும் அவர்களுக்கே போனது. அந்த மேல்மட்டக் கதையை இங்கே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஒரு குடியானவருக்குத் திருச்சபை என்றால் தம் ஊர்க் கோயிலும் அதன் குருவும்தான். பணத்தைப் பொறுத்தவரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்திறன் வேண்டாத கூலிக்காரருக்கு நாளொன்றுக்கு 4 பென்ஸ், தச்சர், கொத்தனாருக்கு 6 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் தொகைகளை அந்த 4 பென்ஸோடு ஒப்பிட்டால் அவற்றின் பாரம் புரியும்.

கட்டாயத்தில் முதலிடம் தசமபாகத்துக்கு. அது இரண்டு வகை. தானியம், வைக்கோற்புல், விறகு ஆகியவற்றில் பத்தில் ஒன்று பெரிய தசமபாகம். அது பங்கின் உரிமையாளரான ரெக்டருக்குச் சேரும். ஆட்டுக்குட்டி, கம்பளி, கன்று, பால், முட்டை, வாத்து, தோட்டக் காய்கறி ஆகியவற்றிலிருந்து வருவது சிறிய தசமபாகம். பல ஊர்களில் அது விகார் என்ற பதில்குருவுக்குப் போனது. தானியத்தில் வசூல் எளிது. அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளில் பத்தாவதை வயலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்குவதற்கு முன் மற்ற ஒன்பதை வீட்டுக்கு ஏற்றினால் வழக்கு வரும். ஒரு வீட்டில் ஏழே ஆட்டுக்குட்டிகள் பிறந்திருந்தால் என்ன செய்வது? பரவலாக இருந்த கணக்கு இது. ஆறு அல்லது அதற்குக் குறைவு என்றால் குட்டிக்கு அரை பென்னி காசாகக் கொடுக்க வேண்டும். ஏழு என்றால் ஒரு குட்டியைக் கொடுத்துவிட்டு, பத்துக்குக் குறையும் மூன்றுக்காக ரெக்டரிடமிருந்து ஒன்றரை பென்ஸ் திரும்பப் பெறலாம். எட்டு என்றால் ஒரு பென்னி, ஒன்பது என்றால் அரை பென்னி திரும்பி வரும். இவ்வளவு நுணுக்கமாகப் பேசி வைத்திருந்ததே சண்டைகள் எவ்வளவு நடந்தன என்பதற்குச் சாட்சி. கூலி, வியாபார லாபம் ஆகியவற்றின் மீதும் பத்தில் ஒன்று உண்டு என்பது சட்டம். லாபத்தை யார் எப்படி எண்ணுவது என்பதால் அது நடைமுறையில் எப்போதும் நொண்டியது. லண்டனில் அதற்குப் பதில் வீட்டு வாடகையை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த விகிதத்தைப் பற்றிய தகராறு நூறாண்டுக்கு மேல் ஓயவே இல்லை.

தசமபாகத்தில் கசப்பு மிகுந்த இடம் வேறு. ரெக்டர் என்பவர் ஊரில் வாழும் குருவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான ஊர்களில் ஏதோ ஒரு துறவிமடமோ கல்லூரியோ ரெக்டராக இருந்தது. தானியம் முழுவதும் தொலைவிலுள்ள மடத்தின் களஞ்சியத்துக்குப் போகும். ஊரில் பூசை வைத்து, நள்ளிரவில் சாகக் கிடப்பவரிடம் ஓடுகிற விகாருக்கு முட்டையும் பாலும் மிஞ்சும். இதைச் சரிசெய்ய 1391இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இனி ஒரு பங்கை மடத்துக்கு எழுதிவைத்தால் விகாருக்குப் போதிய வருமானமும் ஊர் ஏழைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும் ஒதுக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றமே தலையிட வேண்டி வந்தது என்றால், ஊர்க்காரர்களின் முறையீடு வெறும் கஞ்சத்தனம் அல்ல என்பது தெளிவு.

அடுத்தது நீங்கள் சொன்ன சாவுக் கட்டணம். குடும்பத் தலைவர் இறந்தால் சிறந்த மாட்டை நிலப்பிரபு எடுத்துக்கொள்வார், இரண்டாவது சிறந்ததைக் குரு எடுத்துக்கொள்வார். மாடு இல்லாத நகரத்தில் நல்ல அங்கியோ போர்வையோ போகும். இறந்தவர் வாழ்நாளில் மறந்தும் கொடுக்காமலும் விட்ட தசமபாகத்துக்கு ஈடு என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். சட்டப்படி அது சரி. துக்க வீட்டு வாசலில் அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1511இல் ரிச்சர்ட் ஹன் என்ற லண்டன் தையல் வணிகர், இறந்துபோன தம் கைக்குழந்தையைச் சுற்றியிருந்த துணியைக் கொடுக்க மறுத்தார். வழக்கு வளர்ந்தது; அவர் எதிர்வழக்குத் தொடுத்தார்; பிறகு சமயக் குற்றம் சாட்டிச் சிறையில் வைக்கப்பட்டார்; 1514 டிசம்பரில் ஆயரின் சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். மரண விசாரணைக் குழு அதைக் கொலை என்றது, ஆயர் தரப்பு தற்கொலை என்றது. லண்டன் கொதித்தது. 1529இல் நாடாளுமன்றம் சாவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. அசையும் சொத்து 10 மார்க், அதாவது 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதற்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. 40 பவுண்டுக்கு மேல் இருந்தாலும் 10 ஷில்லிங்கைத் தாண்டக் கூடாது. ஹன் வழக்கை வைத்து நாடே திருச்சபையை வெறுத்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அது அவ்வளவு தூரம் இழுக்கக்கூடிய சான்று அல்ல. ஒரு நகரத்தின் கோபத்தை அது நன்றாகவே காட்டுகிறது, அதற்குமேல் போகாது.

இனி மறுபக்கம். கோயில் கட்டடம் நடுவில் ஒரு மரத்தட்டியால் இரண்டாகப் பிரிந்திருந்தது. பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது ரெக்டரின் கடமை. மக்கள் நிற்கும் நீண்ட கூடமும் மணிக்கூண்டும் ஊராரின் பொறுப்பு. இது 13ஆம் நூற்றாண்டிலேயே விதியாகிவிட்டது. கட்டடம் மட்டுமல்ல, பூசைப் பாத்திரம், பூசைப் புத்தகம், உடைகள், பவனிச் சிலுவை, தூபக்கலசம், பாடை, மணிக்கயிறு, பூட்டுப் போட்ட திருமுழுக்குத் தொட்டி எல்லாம் ஊரார் வாங்கித் தர வேண்டியவை. தொட்டிக்குப் பூட்டு எதற்கென்றால், மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்கு எடுத்துப்போகாமல் இருக்கத்தான். இந்தப் பொறுப்பைச் சுமக்க ஒவ்வொரு ஊரும் பொதுவாக இரண்டு பேரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தது. சர்ச்வார்டன் என்ற அந்தக் காரியக்காரர்கள் குருக்கள் அல்ல. விவசாயிகள், நெசவாளர்கள், கடைக்காரர்கள். ஆண்டு முடிவில் ஊரார் முன் வரவுசெலவை வாசித்து, கையிருப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சில ஊர்களில் விதவைகளும் இந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கேடுகள் 14ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கிடைக்கின்றன. அந்தக் காலத்துச் சாதாரண ஆளை அருகில் பார்க்க இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் எப்படி வந்தது? விதிப்படி பிரிக்கிற வரி மிகக் குறைவு. பெரிய வரவு கோயில் விருந்திலிருந்து வந்தது. ஊரார் வீட்டுக்கு வீடு பார்லி கொடுப்பார்கள். அதை முளைகட்டி, கோயிலுக்குச் சொந்தமான வீட்டில் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி, திருவிழா நாளில் காசுக்கு விற்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து குடிப்பார்கள். இவர்களும் அவர்கள் விருந்துக்குப் போவது மரியாதை. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டாவது திங்களும் செவ்வாயும் ஹாக்டைடு என்ற நாட்கள். ஒருநாள் பெண்கள் தெருவில் ஆண்களைக் கயிறு போட்டு மறித்துக் காசு வாங்குவார்கள், மறுநாள் ஆண்கள் பெண்களை மறிப்பார்கள். எல்லாக் காசும் கோயிலுக்கு. பெண்கள் திரட்டியதே வழக்கமாகக் கூடுதலாக இருக்கும் என்பதைக் கணக்கேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

சிறிய ஊருக்கு டெவனில் எக்ஸ்மூர் ஓரத்திலிருந்த மோர்பாத்தை எடுத்துக்கொள்ளலாம். முப்பத்துமூன்று குடும்பங்கள்தான். 1520 முதல் 1574 வரை ஒரே விகார், கிறிஸ்டபர் ட்ரைக்கி, அந்த ஊர்க் கணக்கைத் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். அங்கே மாதாவுக்கு ஒரு நிதி, மற்றப் புனிதர்களுக்குத் தனித்தனி நிதிகள், வாலிபர்களுக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள். நிதியின் முதல் பெரும்பாலும் ஆடுகள். புனிதருக்குச் சொந்தமான ஆட்டை ஒரு வீட்டில் வளர்க்க விடுவார்கள். கம்பளி விற்ற காசு அந்தப் புனிதரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முன் எரியும் மெழுகுதிரிக்கு. ஆடு செத்தால் அதுவும் கணக்கில் ஏறும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேன்மெழுகு விலை அதிகம், கோயில் செலவில் மிகப் பெரிய இனங்களில் அது ஒன்று. கொழுப்புத் திரி மலிவு. பீடத்தில் அதை வைக்க முடியாது. அதனால்தான் சில ஊர்களில் தேன்கூடுகளையே கோயிலுக்கு எழுதிவைத்தார்கள். முப்பத்துமூன்று குடும்பங்களில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு நிதிக்குப் பொறுப்பாக இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கோயிலும் மக்களும் எதிரெதிர்த் தரப்பு என்று பிரிப்பது அந்த வாழ்க்கையையே தவறாகப் படிப்பதாகும்.

வழிபாடு பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் மிகவும் பரவியிருக்கின்றன. ஒன்று, பூசை லத்தீனில் நடந்ததால் மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது. 1281இல் பேராயர் பெக்கம் போட்ட விதி, குரு ஆண்டுக்கு நான்கு முறை தாய்மொழியில் விசுவாசத்தின் பொருள்கள், பத்துக் கட்டளைகள், ஏழு இரக்கச் செயல்கள், ஏழு தலையான பாவங்கள், ஏழு புண்ணியங்கள், ஏழு அருட்சாதனங்கள் ஆகியவற்றை விளக்க வேண்டும் என்றது. எல்லாக் குருவும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் சுவர்களிலும் கண்ணாடிகளிலும் இதே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருக்கிறது. மற்றொன்று, குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனப் பெட்டி என்ற இருட்டு அறையை வைத்துத் திருச்சபை உளவு பார்த்தது என்பது. அந்தப் பெட்டி 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. 1215ஆம் ஆண்டு கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனமும் ஈஸ்டருக்கு நற்கருணை அப்பம் பெறுவதும் கட்டாயம் என்றது. இங்கிலாந்தில் அது தவக்காலத்தின் கடைசி நாட்களில், திறந்த கோயிலில், வரிசையில் நிற்பவர்கள் பார்க்கப் பார்க்க நடந்தது. நூற்றுக்கணக்கானோரை ஒரே குரு சில நாட்களில் முடிக்க வேண்டும். ஆளுக்குச் சில நிமிடம் என்றால் எவ்வளவு ஆழமாகத் துருவியிருக்க முடியும்?

சாவு விஷயத்தில் மக்கள் செலவழித்ததைப் பார்த்தால்தான் அவர்கள் நம்பிக்கையின் உள்விசை தெரியும். பெரும்பாலோர் நேராக நரகத்துக்கோ மோட்சத்துக்கோ போவதில்லை, உத்தரிக்கிற ஸ்தலத்தில் கடன் தீர்க்க வேண்டும், உயிரோடிருப்பவர்களின் பூசையும் ஜெபமும் தானமும் அந்தக் கடனைக் குறைக்கும் என்பது போதனை. ஒரு பூசைக்கு 4 பென்ஸ், ஒருநாள் கூலி. முப்பது பூசைகள் கொண்ட வரிசைக்கு 10 ஷில்லிங். ஆண்டு முழுவதும் ஒரு குரு தமக்காகப் பூசை வைக்க வேண்டும் என்றால் 5 முதல் 7 பவுண்டு. நிரந்தரமாக வேண்டும் என்றால் நிலம் எழுதிவைக்க வேண்டும், அதற்கு 1279ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசரின் அனுமதியும் வாங்க வேண்டும். இது பணக்காரருக்கு. மற்றவர்கள் பக்தசபைகளில் சேர்ந்தார்கள். ஆண்டுக்குச் சில பென்ஸ் சந்தா கட்டினால், செத்ததும் சபையார் எல்லாரும் அடக்கத்துக்கு வருவார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள், சபையின் குரு பெயர் சொல்லிப் பூசை வைப்பார். உறுப்பினர் நோயிலோ தீவிபத்திலோ நொடித்தால் வாரத்துக்குச் சில பென்ஸ் உதவி தந்த சபைகளும் இருந்தன. இந்தப் பூசைக் குருக்களுக்குக் காலையில் ஒரு பூசைக்குப் பிறகு வேலை குறைவு. பல இடங்களில் அவர்களே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தார்கள். 1547இல் சட்டம் போட்டு இந்த அறக்கட்டளைகளை ஒழித்தபோது பள்ளிகளும் கூடவே ஆட்டம் கண்டதற்கு இதுதான் காரணம்.

பாவமன்னிப்புச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. போதனைப்படி அது குற்றத்தை மன்னிப்பதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் மீதமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. கூவி விற்ற ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள், ஆயர்களே அவர்களைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆயர்கள் கொடுத்த வழக்கமான 40 நாள் சலுகை பெரும்பகுதி எதற்குப் போனது என்று பதிவேடுகளைப் பாருங்கள்: உடைந்த பாலம், சேறான சாலை, தொழுநோயாளர் விடுதி, எரிந்துபோன கோயில். பொதுப்பணிக்கு நிதி திரட்ட அன்று இருந்த கருவி அது.

நீதிமன்றங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டாயம் மறுபடி தலைகாட்டும் இடம் அதுதான். மறைமாவட்டத்தின் ஒரு பகுதியை ஆயருக்குக் கீழே மேற்பார்த்த தலைமைத் திருத்தொண்டரின் மன்றம், அதற்குமேல் ஆயரின் மன்றம். உயில், திருமணம், தசமபாகம், அவதூறு, கள்ளத்தொடர்பு, ஓய்வுநாளில் வேலை செய்தது, சத்தியம் செய்து வாங்கிய கடனைக் கொடுக்காதது ஆகியவை அங்கே விசாரிக்கப்பட்டன. கொலைத் தண்டனையோ கைகால் வெட்டோ கிடையாது. கள்ளத்தொடர்புக்கு, உள்ளாடையோடும் வெறுங்காலோடும் மெழுகுதிரி ஏந்திப் பவனியில் நடப்பதுதான் வழக்கமான தண்டனை. பலர் காசு கட்டித் தப்பினார்கள். குற்றத்தை மறுப்பவர், தம் நேர்மைக்குச் சத்தியம் செய்ய அயலார் சிலரைக் கூட்டிவர வேண்டும். அழைப்புக்கு வராவிட்டால் சபைநீக்கம். 40 நாள் பணியாமல் இருந்தால் அரசரின் ஆணை பெற்று, மாவட்டத்தில் அரசரின் அதிகாரியான ஷெரீஃப் பிடித்து அடைக்கலாம். அழைப்பாணை கொண்டுவரும் சேவகர்கள் லஞ்சம் வாங்குவதில் பேர்போனவர்கள். அந்தக் கெட்ட பெயர் நியாயமாகச் சம்பாதித்ததுதான்.

ஆனால் இந்த மன்றங்களுக்கு வந்த வழக்குகளில் பெரும்பகுதி மக்களே ஒருவர் மேல் ஒருவர் போட்டவை. திருமண வழக்கு நல்ல உதாரணம். அன்றைய சட்டப்படி திருமணம் செல்ல குரு வேண்டாம், கோயில் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று ஆணும், 'உன்னைக் கணவனாக ஏற்கிறேன்' என்று பெண்ணும் சொன்னால் அந்தக் கணமே கட்டுண்டார்கள். 'ஏற்பேன்' என்று எதிர்காலத்தில் சொன்னால் அது வெறும் நிச்சயம். அதற்குப்பின் உடலுறவு நடந்தால் திருமணமாகிவிடும். கோயிலில் அறிவிப்புப் படித்து, குரு முன்னிலையில் செய்யாதது தவறுதான், தண்டனைக்குரியதுதான். ஆனால் திருமணம் செல்லும். விளைவு என்னவென்றால் களத்துமேட்டிலும் மதுக்கடையிலும் மரத்தடியிலும் சொன்ன வார்த்தைகளைப் பற்றிய வழக்குகள். சாட்சியிடம் நீதிபதி கேட்பது அவர்கள் நிகழ்காலத்தில் சொன்னார்களா, எதிர்காலத்தில் சொன்னார்களா என்பதைத்தான். நிரூபிக்க இரண்டு சாட்சி வேண்டும். அது இல்லாமல் கைவிடப்பட்ட பெண்கள் பலர். இருந்தாலும் தகப்பனின் சம்மதமோ நிலப்பிரபுவின் சம்மதமோ இல்லாமலே தம் சொல்லால் தம் திருமணத்தை நிலைநாட்ட ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு இருந்த ஒரே மன்றம் இதுதான்.

குருக்களைப் பற்றிய குறைகளை மக்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு 1397இல் ஹெரிஃபோர்டு மறைமாவட்டத்தில் நடந்த ஆயர் விசாரணையின் பதிவு கிடைக்கிறது. ஆயர் ஊர் ஊராக வந்து, ஊர்ப் பிரதிநிதிகளிடம் கேட்கிறார். அவர்கள் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். குரு வைப்பாட்டி வைத்திருக்கிறார், சாகக் கிடந்தவருக்கு வரவில்லை, குழந்தை திருமுழுக்கு இல்லாமல் செத்தது. வேல்ஸ் எல்லையிலுள்ள கார்வே ஊரில், குருவுக்கு வெல்ஷ் மொழி தெரியாது, ஊராரில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே இவர் எங்களுக்குப் பயனில்லை என்று முறையிட்டிருக்கிறார்கள். இந்தக் குறைகளின் திசையைப் பாருங்கள். எங்களுக்கு வரவேண்டியது வரவில்லை, ஒழுங்கான குருவைக் கொடுங்கள் என்பதே அவற்றின் சாரம். அதற்கு அரை நூற்றாண்டு முன், 1348-49 கொள்ளைநோயில் பல மறைமாவட்டங்களில் பங்குக் குருக்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் மாண்டார்கள். 1349 ஜனவரியில் பாத் அண்டு வெல்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் ரால்ஃப், குரு கிடைக்காவிட்டால் குருவல்லாத பொதுநிலையினரிடம், ஆண் இல்லையென்றால் ஒரு பெண்ணிடமே கூடப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று கடிதம் எழுதினார். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் சாவதுதான் அன்றைக்குப் பெரிய அச்சம். அந்த அச்சம் ஊரார் பக்கமும் ஆயர் பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

உண்மையான வெறுப்பு நிலையாக இருந்த இடம் ஒன்று உண்டு என்றால், அது மடமே நிலப்பிரபுவாக இருந்த நகரங்கள். செயின்ட் ஆல்பன்ஸில் தானியத்தை மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். நகரத்தாரின் கைத்திரிகைகளை 1331இல் பறிமுதல் செய்த மடாதிபதி, அந்தக் கற்களை மடத்தின் ஓர் அறைத் தரையில் பதித்துவிட்டார். 1381 குடியானவர் கிளர்ச்சியின்போது நகரத்தார் உள்ளே புகுந்து தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து, ஞாயிறு பூசை முடிவில் மந்திரித்த அப்பத்தைப் பகிர்வது போலத் துண்டு துண்டாக எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். அதே வாரத்தில் லண்டனில் பேராயர் சட்பரியின் தலை வெட்டப்பட்டது. அவர் அரசரின் சான்சலர், தலைவரிக்குப் பொறுப்பாளர் என்பது அதற்குப் பெரிய காரணம். அந்தக் கிளர்ச்சியின் பேச்சாளர் ஜான் பாலும் ஒரு குருதான்.

போதனையையே மறுத்தவர்கள் லொல்லார்டுகள். 1384இல் இறந்த ஆக்ஸ்ஃபோர்டு இறையியலாளர் விக்லிஃபின் கருத்துகளிலிருந்து கிளைத்தவர்கள். நற்கருணை பற்றிய போதனை, சுரூப வணக்கம், திருயாத்திரை ஆகியவற்றை ஏற்காதவர்கள். 1401இல் இப்படி மறுப்பவர்களை எரிக்கும் சட்டம் வந்தது, அதே ஆண்டில் வில்லியம் சாட்ரி எரிக்கப்பட்டார். 1409இல் பேராயர் அரண்டெல் அனுமதியில்லாத ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பைத் தடைசெய்தார். விக்லிஃபைப் பின்பற்றியவர்கள் செய்த மொழிபெயர்ப்பின் கைப்பிரதிகள் 250 வரை இன்றும் இருக்கின்றன, அவற்றில் சில அரச குடும்பத்தார் கையில் இருந்தவை. ஆகவே தடை எங்கும் ஒரே கடுமையோடு நடக்கவில்லை. லொல்லார்டுகள் சில்டர்ன் குன்றுகள், கென்ட், லண்டன், கோவென்ட்ரி போன்ற சில வட்டாரங்களில் குடும்பம் குடும்பமாக நிலைத்தார்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அவர்கள் சிறுபான்மை.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது? கணக்கேடுகள் காட்டும் தொகைகள் உறுதி. 15ஆம் நூற்றாண்டிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோயில் கட்டுவதும் விரிவாக்குவதும் மும்முரமாக நடந்தன என்பது கட்டடங்களைப் பார்த்தாலே உறுதி. மனதுக்குள் என்ன இருந்தது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். உயில்களில் 'மறந்துபோன தசமபாகத்துக்காகப் பெரிய பீடத்துக்கு இவ்வளவு' என்று எழுதியிருப்பதைப் பக்திக்குச் சான்றாகக் காட்டுவார்கள். உயிலைப் பெரும்பாலும் எழுதியவர் குரு, வாசகமும் அச்சு வார்த்தது போல ஒன்றே, ஆகவே அதிலிருந்து மனதைப் படிப்பது ஆபத்து. கணக்கேடுகள் தெற்கிலும் மேற்கிலும் அதிகம், வடக்கில் குறைவு. எழுதிவைத்த ஊர் ஒழுங்கான ஊராகவே இருந்திருக்கும் சாய்வும் உண்டு. ஊரார் கொடுத்ததில் அயலார் பார்வைக்குப் பயந்து கொடுத்தது எவ்வளவு என்று எந்த ஏடும் பிரித்துக் காட்டாது. என் கருத்து, தசமபாகத்தில் இழுத்தடித்தவரும் கோபுரத்துக்கு அள்ளிக் கொடுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். முதலாவது வேறொருவருக்குப் போகும் பணம்; இரண்டாவது தாம் கண்ணால் பார்த்து, தம் ஆட்களே கணக்கு வைக்கிற பணம்.

லிங்கன்ஷயரிலுள்ள லவுத் நகரத்தோடு முடிக்கிறேன், உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அதுதான் நேரான பதில். அவ்வூரார் 1501 முதல் 1515 வரை தம் கோயிலுக்கு ஊசிக் கோபுரம் கட்டினார்கள். செலவு 300 பவுண்டுக்குச் சற்று மேல். நாளுக்கு 4 பென்ஸ் கூலியில் கணக்கிட்டால் 18,000 நாள் உழைப்பு. 1515 செப்டம்பரில் உச்சியில் காற்றுகாட்டிச் சேவல் ஏறியபோது குருக்கள் நன்றிப் பாட்டுப் பாடினார்கள், சர்ச்வார்டன்கள் மணிகளையெல்லாம் அடிக்கச் சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் அப்பமும் ஏலும் கொடுத்தார்கள் என்று அவர்கள் ஏட்டிலேயே இருக்கிறது. 1536 அக்டோபர் முதல் நாள், ஞாயிறு. சிறிய மடங்களை அரசர் மூடிக்கொண்டிருந்தார், புது வரி வந்திருந்தது, கோயில் நகைகளையும் எடுக்கப்போகிறார்கள் என்ற வதந்தி ஊரெல்லாம். விகார் தாமஸ் கெண்டல் அதைப்பற்றிப் பிரசங்கம் செய்தார். வெள்ளிச் சிலுவைகள் பவனியில் போனபோது, இவற்றின் பின்னால் இன்று நடந்துகொள்வோம், இனி நடக்க முடியாமல் போகலாம் என்ற பொருளில் ஒருவர் சொன்னது பின்னால் விசாரணையில் பதிவானது. அன்று மாலை செருப்புத் தைக்கும் நிக்கலஸ் மெல்டனின் தலைமையில் ஊரார் சர்ச்வார்டன்களிடமிருந்து பொக்கிஷ அறையின் சாவியை வாங்கிக்கொண்டு இரவு முழுவதும் கோயிலுக்குக் காவல் இருந்தார்கள். அடுத்த சில நாட்களில் லிங்கன்ஷயர் எழுந்தது, அதைத் தொடர்ந்து யார்க்ஷயர் எழுந்தது. வேறு எத்தனையோ மாவட்டங்கள் அசையாமல் இருந்தன என்பதும் உண்மை, எழுந்தவர்களின் குறைகளில் வரிக்கும் பங்கிருந்தது என்பதும் உண்மை. கெண்டல் 1537 மார்ச்சில் லண்டனில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார், மெல்டனும் அதே மாதத்தில் கொல்லப்பட்டார். கோபுரம் இன்னும் நிற்கிறது.